பிரஷர் பார்க்காமல் கழுத்து ஸ்கேனா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் பேப்பரைப் பிரித்ததும் உள்ளேயிருந்து ஒரு பிட் நோட்டீஸ் விழுந்தது. கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் செய்தால் மாரடைப்பு வருமா என்று முன்கூட்டியே தெரிந்துவிடுமாம், அன்று ஒருநாள் மட்டும் சலுகை விலையாம். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில்தான் முகாம். சரி என்று நானும், காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் பார்க்கும் என் மச்சானும் போனோம்.

படுக்க வைத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பச் சொல்லி, ஜெல் தடவிப் பார்த்தார்கள். வலி கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள், அதை விளக்கத்தான் ஆள் இல்லை. எனக்கு 'குழாய்ச் சுவர் தடிமன் 0.9 மி.மீ., சற்று அதிகம்'. மச்சானுக்கு 'நார்மல்'. எனக்கு அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அவரோ, "பாத்தியா மச்சான், இத்தனை வருஷம் பீடி இழுத்தும் குழாய் க்ளீனா இருக்கு" என்று கூடுதலாக ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் அவரையும் இழுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மச்சானுக்கு பிரஷர் 170/100. முகாமில் அந்தப் பட்டையை எங்கள் கையில் யாருமே கட்டவில்லை!

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வயது ஏற ஏற அந்தச் சுவர் எல்லோருக்கும் தடிக்குமாம், எனக்கு 58 ஆகிறது, கருவியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாலே புள்ளிக்கு அப்புறம் வரும் எண் மாறிவிடுமாம். 2010-இல் இந்தத் தடிமனை அளப்பதில் பயன் உண்டு என்று சொன்ன அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளே 2013-இல் வழக்கமான பரிசோதனையாக இது வேண்டாம் என்று மாற்றிக்கொண்டன. ஆனால் தாடைக்குக் கீழே குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் கொழுப்புத் திட்டு படிந்திருந்தால் அது வேறு கதை. கழுத்தில் படிகிற அதே கொழுப்பு இதயக் குழாயிலும் படியும் என்பதால், கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று டாக்டரே யோசிக்கிற நிலையில் அந்தத் திட்டு ஒரு முடிவுக்கு வர உதவும். திட்டு இல்லை என்பதற்காக பீடிக்கு லைசென்ஸ் கிடைத்துவிடாது, அதை மச்சானைப் பார்த்துத்தான் சொன்னார்.

தொந்தரவு எதுவும் இல்லாதவர்களைக் கூட்டமாக நிறுத்தி, கழுத்துக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று தேடுவதை அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021-இலும் வேண்டாம் என்றுதான் சொன்னது. காரணம் சுலபம்: சந்தேகத்தில் தொடங்கி இன்னொரு ஸ்கேன், ஆஞ்சியோகிராம், ஆபரேஷன் என்று நீளும், அந்த ஆபரேஷனிலேயே சிலருக்குப் பக்கவாதம் வந்துவிடலாம்.

இந்த ஸ்கேன் அவசரமாகத் தேவைப்படுகிறவர்கள் வேறு. திடீரென்று வாய் கோணி, கை துவண்டு, பேச்சு குழறி, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறதே, அவர்கள். ஒரு கண் மட்டும் திரை விழுந்த மாதிரி இருண்டு திரும்பத் தெரிகிறதே, அவர்களும்தான். எங்கள் பக்கத்தில் இதை 'வெயில்ல மயக்கம்' என்று சொல்லி சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறோம். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

பேப்பருக்குள் நோட்டீஸ் வைப்பது ஏஜென்ட் வேலை, உங்களுக்குத் தெரியாமலே நடந்திருக்கும், அது புரிகிறது. ஆனாலும் இந்த ஸ்கேன் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று ஒரு டாக்டரை எழுதச் சொல்லி அரைப் பக்கமாவது போடுங்கள். மண்டபத்தில் முகாம் நடத்துகிறவர்கள் முதலில் பிரஷரும் சுகரும் பார்க்க வேண்டும், ரிப்போர்ட்டை விளக்க ஒரு டாக்டர் கூடவே உட்கார வேண்டும் என்று மாநகராட்சி கண்டிப்பாகச் சொன்னால் இன்னும் நல்லது.

மச்சான் இப்போது பிரஷர் மாத்திரை போடுகிறார். பீடியை இன்னும் விட்டபாடில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21