சேற்றோரம் மருந்தடிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதியின் கொசு ஒழிப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பக்கக் கரையில் போன வாரம் மறுபடியும் மருந்தடித்தீர்கள். ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பூநாரை பார்க்க வெளியூர் ஆட்கள் வருகிற பருவம் இது. தண்ணீரும் சேறும் சேருகிற இடத்தில் கறுப்பாக மொய்க்கும் பூச்சியைப் பார்த்து அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். புகார் போகிறது, வண்டி வந்துவிடுகிறது. நான் இந்தக் கரையில் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித் தருகிறவன். மனுவாகக் கொடுத்ததற்குப் பதில் வராததால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். ஏரியின் சேற்றோரத்தில் மருந்தடிப்பதை நிறுத்துங்கள். நீங்கள் அங்கே கொல்வது கொசு இல்லை.

அது கரை ஈ. எஃபிட்ரிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் உலகம் முழுக்க ஏறத்தாழ 2000 இனங்களுக்கு இதுவரை பெயர் வைத்திருக்கிறார்கள். நம் சேற்றில் மொய்ப்பது எஃபிட்ரா பேரினத்தின் அமைப்போடு ஒத்துப்போகிறது. ஸ்வீடன் நாட்டு ஃபாலேன் 1810இல் பெயரிட்ட பேரினம் அது. உப்புத் தண்ணீர் தேங்கும் கரைகளில் வாழும் ஈக்கள் அதில் நிறைய உண்டு. இனம் எது என்று முடிவாகச் சொல்ல ஆண் ஈயின் பிறப்புறுப்பைப் பிரித்தெடுத்துப் பார்க்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் பல இனங்களைப் பிரித்தறிவது அப்படித்தான். ஆனால் கொசுவா, இல்லையா என்று பார்க்க அத்தனை தூரம் போக வேண்டாம். பள்ளிக்கூடத்து நுண்ணோக்கி போதும்.

என் மாணவர்கள் பார்த்ததைச் சொல்கிறேன். ஈயின் நீளம் நாலைந்து மில்லிமீட்டர். முகம் முன்பக்கமாகப் புடைத்து நிற்கிறது. அதற்குக் கீழே வாய் அகலமாகத் திறந்திருக்கிறது. கொசுவுக்கு இருப்பதுபோல உறைக்குள் ஊசிகள் கிடையாது. ஈரத்தை ஒற்றியெடுக்கும் மெத்தென்ற உதடுதான் இருக்கிறது. பாசியையும் நுண்ணுயிரையும் வழித்துத் தின்ன அமைந்த வாய் அது. மனிதத் தோலைத் துளைக்க அதனால் முடியவே முடியாது. உணர்கொம்பு மூன்றே கணு, அதிலிருந்து அரிஸ்டா என்ற மயிர் ஒன்று நீள்கிறது. வீட்டு ஈக்கு அந்த மயிரின் இரண்டு பக்கமும் கிளை இருக்கும். இதற்கு மேல்பக்கம் மட்டும், சீப்பின் பல் மாதிரி. சிறகின் முன்விளிம்பு நரம்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. கொசுச் சிறகின் நரம்புகளில் இருக்கும் செதில் இதில் ஒன்றுகூட இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் இதையெல்லாம் படம் வரைந்து காட்டிவிட்டாள். அதிகாரத்தில் இருக்கும் நீங்கள் மருந்து வாங்குவதற்கு முன் ஒரே ஒரு ஈயைப் பிடித்துப் பார்த்திருக்கலாம்.

புழுவும் வேறுதான். கொசுப்புழு தண்ணீரின் மேற்பரப்பில் தலைகீழாகத் தொங்கும். கரை ஈயின் புழுவுக்கு அடிவயிற்றில் கொக்கி வைத்த பொய்க்கால்கள் எட்டு ஜோடி. அவற்றால் அது சேற்றையும் பாசியையும் பற்றிக்கொண்டு ஊர்கிறது. வால்பக்கத்து மூச்சுக்குழல் நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் இதன் உறவுக்கார ஈ ஒன்று இருக்கிறது. 1830இல் தாமஸ் சே அதை எஃபிட்ரா ஹையன்ஸ் என்று விவரித்தார். மெழுகு பூசிய அடர்ந்த மயிர் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அந்த ஈ ஒரு காற்றுக் குமிழிக்குள் இருந்தபடி தண்ணீருக்கு அடியில் நடந்துபோய்ப் பாசி தின்னும். அது எப்படி முடிகிறது என்பதை 2017இல் விஞ்ஞானிகள் ஆராய்ந்து வெளியிட்டார்கள். அந்த ஏரியின் பூர்வகுடிகள் அதன் கூட்டுப்புழுவைக் காலங்காலமாக உணவாகச் சாப்பிட்டவர்கள். வலசை வரும் பறவைகளும் அதை நம்பித்தான் அங்கே இறங்குகின்றன. இங்கேயும் உள்ளான்கள் சேற்றோரமாக ஓடி ஓடிக் கொத்துவது இந்த மாதிரி ஈயையும் புழுவையும்தான். பறவை பார்க்க வருகிறவர்களின் வசதிக்காகப் பறவையின் தீனியை அழிப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் இந்த மடலை நான் எழுதுவதற்குக் காரணம் பறவை இல்லை. கையால் இறால் பிடிக்கும் யானாதிப் பழங்குடிப் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், வண்டி போகிற பாதையில்தான் இறங்குகிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் குந்தி, ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றில் விட்டுத் துழாவுவார்கள். அகப்பட்ட இறாலைப் பறியில் போட்டுவிட்டு அடுத்த அடி நகர்வார்கள். வாய் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே. நீங்கள் மருந்தடித்த மறுநாள் காலையிலும் அவர்கள் அங்கேதான் இறங்கினார்கள், ஏனென்றால் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. தண்டோரா இல்லை, பலகை இல்லை. சாயங்காலம் ஓர் அம்மா வந்து கையைக் காட்டினார். விரலிடுக்கெல்லாம் சிவந்திருந்தது. “மூஞ்சி எரியுது சார், தண்ணி பட்டா இன்னும் எரியுது” என்றார். அன்றைக்குப் பறியில் கிடைத்தது ஒரு குழம்புக்குக்கூடக் காணாது.

என்ன மருந்து என்று தெளித்தவரிடம் கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. கேனில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்திருந்தார்கள். முகமூடி இல்லாமல் அடித்துக்கொண்டிருந்த அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. கொசுவுக்கு அடிக்கும் மருந்தில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகை. தோலில் பட்டால் எரிச்சல் தரும். இறால், நண்டு இரண்டையும் மிகச் சிறிய அளவிலேயே கொன்றுவிடும். இறாலை நம்பி அடுப்பெரிகிற ஏரியில் கொண்டுபோய் அடிக்கிற மருந்தா அது?

கொசு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊருக்குள் வாருங்கள், காட்டுகிறேன். அடைத்துக்கொண்ட சாக்கடை, லாரித் தண்ணீரைப் பிடித்து மூடாமல் வைத்திருக்கும் டிரம், பழைய டயர். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது அந்த டிரம்மிலும் டயரிலும்தான். அங்கே வண்டி வருவதில்லை. சாக்கடை வாரச் சொன்னால் ஆள் இல்லை என்கிறீர்கள். குடிநீர்க் குழாய் கேட்டால் நிதி இல்லை. முகத்துவாரம் மணல் மூடுவதைப் பற்றிப் பேசினால் அது பக்கத்து மாநிலத்து விஷயம். ஏரி இரண்டு மாநிலத்துக்கு நடுவில் கிடப்பதால் இந்தக் கரைக்காரன் எந்த வாசலில் போய் நின்றாலும் அடுத்த வாசலைக் காட்டுகிறார்கள். மருந்தடிக்க மட்டும் ஆளும் நிதியும் எப்படியோ வந்துவிடுகிறது. சரி, அதையெல்லாம் இன்னொரு மடலில் பேசுவோம். இப்போதைக்குக் கேட்பது அதே ஒன்றுதான்.

சேற்றோரத்தில் மருந்தடிப்பதை உடனே நிறுத்தும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை அடித்த மருந்தின் பெயரை எழுத்தில் தாருங்கள். கை எரிகிறவர்களை மருத்துவரிடம் கூட்டிப் போகும்போது அது வேண்டும். மேலிடத்தில் சொல்ல ஆதாரம் வேண்டுமென்றால் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது. ஆணும் பெண்ணுமாக ஈக்களை ஆல்கஹாலில் போட்டு, பிடித்த இடமும் தேதியும் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதத்தோடு அனுப்பினால் முறையாக இருக்கும். எந்த நாளில் வரச் சொன்னாலும் பாட்டிலை நானே கொண்டுவந்து தருகிறேன். பதிலைத் தெலுங்கிலோ தமிழிலோ எழுதுங்கள், இரண்டும் படிப்போம்.

இப்படிக்கு,
ஏரிக்கரைப் பள்ளி ஆசிரியர் ஒருவர்