மடியும் படகு வடிவமைப்பவர்களுக்கு ஒரு மடல்

மடித்து, டிரெய்லரில் வைத்து இழுத்துப்போகும் டிரைமரன்களை, அதாவது நடுவில் ஓர் உடலும் இரு பக்கமும் மிதவைகளும் கொண்ட பாய்மரப் படகுகளை, வடிவமைக்கும் அனைவருக்கும் வணக்கம். பிரிஸ்பேனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் படகின் பெயரிலுள்ள ‘மரன்’ எங்கள் கட்டுமரத்திலிருந்து போனதுதான். அந்த உறவில் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

மடிப்பில் எனக்குக் குறையே இல்லை. படகு வடிவமைப்பாளர் இயன் ஃபாரியர் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது 1970-களில் வளர்த்தெடுத்த முறை இன்றைக்கும் பார்க்க அழகுதான். நாலு போல்ட்டைக் கழற்றினால் பக்க மிதவைகள் கீழிறங்கி உள்ளே வந்து ஒட்டிக்கொள்ளும். அவருடைய எஃப்-27 என்ற படகு, விரித்தால் 19 அடி அகலம். மடித்தால் அமெரிக்கச் சாலைகள் அனுமதிக்கும் எட்டரை அடிக்குள் அடங்கிவிடும்.

என் வழக்கு எடையைப் பற்றியது. நான் வாங்கிய படகின் கையேட்டில் 1,250 கிலோ என்று இருந்தது. அது வெறும் படகு. மோட்டார், பேட்டரி, நங்கூரச் சங்கிலி, தண்ணீர், அடுப்பு, அப்புறம் மனைவி விட மறுத்த பிரஷர் குக்கர் எல்லாம் ஏற்றி எடைமேடைக்குக் கொண்டுபோனேன். டிரெய்லர் சக்கரங்களின் மேல் மட்டும் 2,140 கிலோ. இங்கே இரண்டு டன்னைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும். டிரெய்லர் கழன்று ஓடினால் தானே பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். என்னுடையதில் ஓர் அச்சுக்குத்தான் பிரேக் இருந்தது.

தண்ணீரில் இறங்கினாலும் அதே கதைதான். நடு உடலை ஒல்லியாக வைத்ததால்தான் இந்தப் படகு ஓடுகிறது. அந்த ஒல்லி உடல் சுமை ஏற ஏற விறுவிறுவென்று அமிழ்கிறது. மிதவைகளும் கூடவே இறங்கித் தண்ணீரை இழுக்கின்றன. பயணப் படகு என்று விற்கிறீர்கள்; ஒரு வாரச் சாமான் ஏற்றினால் பயணம் போகத்தானே முடிய வேண்டும்? சாமானோடு எடைமேடையில் பார்த்த எடையைக் கையேட்டில் போடுங்கள்.

பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்த ‘அரை மணி நேரம்’ என்றும் எழுதியிருந்தீர்கள். நானும் மனைவியும் படகிறக்கும் துறையில் பட்ட பாடு இது: நான் கயிறு இழுக்கும் வின்சைச் சுற்ற, பாதி உயரத்தில் காற்று அடித்து மரம் பக்கவாட்டில் ஆட, அவள் கயிற்றைப் பிடித்தபடி “விட்டுடவா?” என்று கேட்க, இரண்டு மணி நேரம் ஆனது.

அடுத்த படகை விற்பதற்கு முன் ஐம்பது வயது தாண்டிய இரண்டு பேரை, காற்றடிக்கும் ஒரு சனிக்கிழமை, படகிறக்கும் துறைக்கு அழைத்து வாருங்கள். கடிகாரத்தோடு ஓரமாக நில்லுங்கள். உதவிக்கு மட்டும் போகாதீர்கள்.

இப்படிக்கு,
கயிற்றின் இந்த முனையில் இருப்பவன்