வெந்நீர் கேட்டால், எந்த வெந்நீர்?

ரயில் நிலையங்கள், பேருந்து நிலையங்கள், விமான நிலையங்கள், நெடுஞ்சாலை உணவகங்கள் ஆகியவற்றை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம்.

கைக்குழந்தையோடு வரும் ஒருவர் உங்கள் கவுன்டரில் நின்று "கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?" என்று கேட்கிறார். காகிதக் குவளையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கொடுக்கிறார்கள். அல்லது, ஏதாவது ஆகிவிட்டால் நம் தலையில் விடியும் என்று பயந்து மறுத்துவிடுகிறார்கள். இரண்டுமே அந்தக் குழந்தைக்கு உதவாது. ஆனால் இதைச் சரிசெய்ய இயந்திரமோ பெரிய செலவோ தேவையில்லை.

முதலில் ஒன்று: "வெந்நீர்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தேவைகள் இருக்கின்றன. கலந்துவைத்த பாலை, அல்லது பீய்ச்சி எடுத்துவந்த தாய்ப்பாலைச் சூடாக்கக் கேட்பவருக்கு 50 டிகிரி செல்சியஸ் அளவில் வெதுவெதுப்பான நீர் போதும். பால் பவுடரைப் புதிதாகக் கலக்கக் கேட்பவருக்கோ 70 டிகிரிக்குக் குறையாத நீர் வேண்டும். டப்பாவில் அடைத்து வரும் பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. குரோனோபாக்டர் போன்ற கிருமி அதில் இருக்க வாய்ப்புண்டு. அதைக் கொல்லத்தான் அந்த 70 டிகிரி. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. 50 டிகிரி நீரில் பவுடரைக் கலந்தால் கிருமி சாகாது. ஆறும்போது அது பெருகுவதற்கு ஏற்ற கதகதப்புதான் கிடைக்கும். ஆகவே உங்கள் ஊழியர் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "பால் கலக்கவா, சூடாக்கவா?"

கலக்க என்றால், கொதித்து அரை மணிக்கு மேல் ஆகாத நீரைக் கொடுங்கள். பிளாஸ்க் கொண்டுவந்திருந்தால் அதில் ஊற்றிக் கொடுப்பது இன்னும் நல்லது. தானியங்கி இயந்திரத்திலிருந்து வரும் நீரானால், அது 70 டிகிரிக்கு மேல் வருகிறதா என்று தெர்மாமீட்டர் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். கையால் தொட்டுச் சொல்ல முடியாது. கலந்த பாலை அப்படியே கொடுத்தால் குழந்தையின் வாய் வெந்துவிடும். பாட்டிலைக் குளிர்ந்த குழாய் நீரில் காட்டி ஆற்ற வேண்டும். அதற்கு ஒரு சிங்க் வேண்டும், அது கழிப்பறைக்குள் இருக்கக் கூடாது.

சூடாக்க என்றால், கணக்கு பாத்திரத்தில் இருக்கிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த 150 மில்லி பால் 5 டிகிரியில் இருக்கும். அதை 37க்குக் கொண்டுவர வேண்டும். காகிதக் குவளையில் பிடிப்பது 200 மில்லி. பாட்டிலை இறக்கியதும் அதில் பாதி வழிந்து கையில் கொட்டும். மிஞ்சிய நீர் கொதிநீராக இருந்தால் பாட்டிலின் சுவரை ஒட்டிய பால் சுடும், நடுவில் குளிர்ந்தே இருக்கும். 60 டிகிரி நீரென்றால் பால் வெதுவெதுப்பாகும் முன்பே நீர் ஆறிவிடும். கண்ணாடி பாட்டிலாக இருந்தால் சில்லென்ற நிலையிலிருந்து கொதிநீருக்குள் போனதும் விரிசல் விடவும் கூடும்.

மாறாக, ஒரு லிட்டர் கொள்ளும் ஆழமான பாத்திரத்தில் 50 டிகிரி நீர் அரை லிட்டர் வையுங்கள். அந்த 150 மில்லிப் பாலும் இந்த நீரும் சமநிலைக்கு வரும்போது வெப்பம் 40 டிகிரியை எட்டாது. பெற்றவர் குழந்தையின் அழுகையில் கவனம் சிதறி இரண்டு நிமிடம் கூடுதலாக விட்டாலும் பால் கொதித்துப் போகாது. இந்த அளவை நாங்கள் வலியுறுத்துவது அதற்காகத்தான். 50 டிகிரி நீர் கிடைப்பதும் எளிது: கொதிநீர் ஒரு பங்கு, சாதாரண நீர் இரண்டு பங்கு. ஒரு எச்சரிக்கை: பாட்டிலில் 60 மில்லிதான் இருக்கிறது, அல்லது பால் ஏற்கெனவே அறை வெப்பத்தில் இருக்கிறது என்றால், இதே நீரில் 44, 45 வரை ஏறிவிடும். அப்போது இரண்டு மூன்று நிமிடத்திலேயே எடுத்துவிட வேண்டும்.

நீர்மட்டம் பாலின் மட்டம் வரை வரட்டும், பாட்டில் மூடியின் வளையம் வரை ஏற வேண்டாம். வளையத்தின் அடியில் புகும் நீர் நிப்பிளுக்குப் போய்ச் சேரும். இடையிடையே பாட்டிலை மெல்லச் சுழற்றினால் சூடு பரவும். தாய்ப்பாலில் மேலே ஒதுங்கிய கொழுப்பும் கலந்துவிடும். கொடுக்கும் முன் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. மொத்தமும் 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். பாலைக் கதகதப்பாகவே வைத்திருந்தால் கிருமிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. "வைத்துவிட்டுப் போங்கள், சூடானதும் கூப்பிடுகிறோம்" என்று சொல்வது அன்பினால்தான், ஆனாலும் சொல்லாதீர்கள்.

மைக்ரோவேவில் வைத்துத் தருவதும் அன்புதான், அதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். பாட்டில் வெளியே குளிர்ந்திருக்கும், உள்ளே ஆங்காங்கே பால் கொதித்திருக்கும். தொட்டுப் பார்ப்பவருக்குத் தெரியாது. காபி இயந்திரத்தின் நீராவிக் குழாயைப் பாலுக்குள் விடுவதும் தவறு. குழாயில் ஒட்டியிருக்கும் பழைய பால் உள்ளே கலக்கும், நீராவி நீராகிப் பாலை நீர்க்கச் செய்யும், தாய்ப்பாலில் உள்ள நொதிகளும் நோயெதிர்ப்புப் புரதங்களும் அந்தச் சூட்டில் கெடும்.

"பாட்டிலைச் சூடாக்க, போன் சார்ஜர் போல யுஎஸ்பியில் செருகும் வார்மர்தான் வந்துவிட்டதே" என்று சிலர் கேட்கிறார்கள். பத்து வாட் வார்மர், வெப்பம் சிறிதும் வீணாகாவிட்டாலும்கூட, இந்த 150 மில்லியைச் சூடாக்க அரை மணிக்கு மேல் எடுக்கும். பசித்து அழும் குழந்தைக்கு அது நீண்ட நேரம். 15 நிமிட வரம்பையும் அது தாண்டிவிடுகிறது.

பால் சூடாக இருந்தே தீர வேண்டும் என்ற மருத்துவ விதி எதுவும் இல்லை, உண்மைதான். குளிர்ந்த பாலைத் தயங்காமல் குடிக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் வெதுவெதுப்புக்குப் பழகிய குழந்தை பயணத்தின் நடுவில் சில்லென்ற பாலைத் தள்ளிவிட்டால், பெற்றவர் என்ன செய்வார்? "ஏன் சூடு பண்ண வேண்டும்?" என்று கவுன்டரில் கேட்க வேண்டாம் என்று உங்கள் ஊழியரிடம் சொல்லுங்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது: ஒரு ஆழமான பாத்திரம், ஒரு தெர்மாமீட்டர், கழிப்பறைக்கு வெளியே ஒரு சிங்க், பாட்டிலை வைக்கச் சுத்தமான, குழந்தையின் கை எட்டாத ஒரு மேடை. நடைபாதை ஓரத்தில் அந்த மேடை இருக்க வேண்டாம்; 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும், குழந்தையின் மெல்லிய தோலை அதற்கும் முன்பே. ஓடும் வண்டியில் திறந்த பாத்திரத்தில் எவருக்கும் வெந்நீர் தராதீர்கள்; மூடியுள்ள பிளாஸ்க்கில் மட்டும் கொடுங்கள். பாட்டிலைச் சூடாக்கும் வேலையைப் பெற்றவரே செய்யட்டும். நீரையும் பாத்திரத்தையும் கொடுப்பதோடு உங்கள் பொறுப்பு முடிகிறது; நீங்கள் பயப்படும் சிக்கலுக்கும் அதில் இடமில்லை.

குழந்தை வாய் வைத்து மிச்சம் விட்ட பாலை மறுபடி சூடாக்கித் தரும்படி யாராவது கேட்டால், முடியாது என்று மென்மையாகச் சொல்லுங்கள். எச்சில் கலந்த பாலை அடுத்த வேளைக்கு வைக்க முடியாது. அதைக் கொட்டி, பாட்டிலை அலசிக்கொள்ள அந்தச் சிங்கைக் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தைப் பராமரிப்பில் பணிபுரிவோர்