அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிய கணக்கு

சங்கரன்கோவில்
26 மே 2024

அன்பு மகன் செல்வத்துக்கு அம்மா எழுதுவது.

வெள்ளிக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அப்பா பக்கத்திலேயே படுத்திருந்தார். "ஆபரேஷனைத்தான் காப்பீட்டு அட்டையிலேயே செய்துவிட்டார்களே, பிறகு பணம் எங்கேதான் போகிறது?" என்று கேட்டாய். சமரசம் பேசி வழக்கை முடிக்கும் லோக் அதாலத்தில், அப்பாவை இடித்த வேனின் இன்சூரன்ஸ் தரப்பு சொன்ன எட்டு லட்சத்தை வாங்கிக்கொண்டு வழக்கை முடித்துவிடலாம் என்றும் சொன்னாய். கோபத்தில் பேசவில்லை, களைப்பில் பேசினாய் என்று எனக்குத் தெரியும். மஸ்கட் வெயிலில் பத்து மாதமாக நீ ஓவர்டைம் பார்த்து அனுப்பும் பணம். கணக்குக் கேட்க உனக்கு உரிமை உண்டு. ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு ரூபாயையும் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆடித்தபசு முடிந்த மறுவாரம் அந்த வேன் அப்பாவை இடித்தது. 108 வந்தது, திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் இருந்ததால் முதல் இரண்டு நாள் யாரும் நம்மிடம் காசு கேட்கவில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் அது. சாலை விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அப்போது ஒரு லட்சம் ரூபாய் வரை அரசே கட்டியது. அதன்பிறகு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் முதுகெலும்பு ஆபரேஷன் நடந்தது. அந்த இரண்டும் இல்லையென்றால் அப்பாவை உயிரோடு பார்த்திருக்க மாட்டோம். நன்றியோடுதான் சொல்கிறேன். அந்த இருபத்துமூன்று நாளில் வெளியே வாங்கிய மருந்து, சாப்பாடு, துணைக்கு இருந்தவர்கள் தங்கிய அறை எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய் ஆனது. அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். எந்த மாத்திரையை எப்போது கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாத ஒரு மனிதரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று அதில் இல்லை. யாரும் வாயாலும் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நாள் அவருடைய வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. சூட்டுக் கட்டி என்று நினைத்துச் சந்தனம் அரைத்துத் தடவினேன். அவருக்கு வலிக்கவில்லை. வலிக்காததால் பெரிதாக ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டேன். பத்து நாளில் அது குழியானது, காய்ச்சல் கண்டது, நெருப்பாகக் கொதித்தார். கிடைத்த தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அழுகியதை வெட்டி எடுத்துவிட்டு, பக்கத்துச் சதையைத் திருப்பி வைத்துத் தைத்தார்கள். பதினாறு நாள், 1,62,000 ரூபாய். ஒடிந்த முதுகுக்கு நம் கையிலிருந்து போனது 46,000. புரட்டிவிடத் தெரியாததற்குப் போனது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். செல்வம், அந்த எண்ணை நோட்டில் எழுதிய இரவு நான் தூங்கவில்லை. ஆபரேஷனுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்து கையெழுத்து வாங்கத் தெரிந்தவர்களுக்கு, பதினைந்து நிமிடம் என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க நேரமில்லாமல் போய்விட்டது.

சொல்லிக்கொடுக்க ஓர் இடம் நமக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. ஆய்க்குடி அமர் சேவா சங்கம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது தென்காசி போகும் வழியில் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பாய். அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். 1981இல் அதே ஊரில் இதைத் தொடங்கினார். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கென்றே அங்கே ஒரு பிரிவு இருக்கிறது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு எப்படி மாறுவது, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி வைப்பது, சிறுநீருக்கு நேரம் பார்த்துக் குழாயைத் தானே செலுத்திக்கொள்வது எல்லாவற்றையும் அப்பா அங்கேதான் கற்றுக்கொண்டார். முப்பது வருடம் தச்சு வேலையில் இழைப்புளி தள்ளிய தோள் அல்லவா, மற்றவர்களைவிடச் சீக்கிரம் தூக்கிவிட்டார். திருநெல்வேலியிலிருந்து நேராக அங்கே போயிருந்தால் அந்தப் புண் வந்திருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது மாதச் செலவுக்கு வருகிறேன். குழாய், கையுறை, ஜெல்லி, பஞ்சு எல்லாம் சேர்த்து 3,400. மருந்து 1,900. மாதம் இரண்டு முறை திருநெல்வேலிக்குக் காரில் கொண்டுபோய்க் கொண்டுவர 4,400. பஸ்ஸில் ஏற்ற முடியவில்லை. தனியாக வரும் பிசியோதெரபிக்காரருக்கு 1,300. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் ஒரு பெண் நம் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறாள். அவள் வந்த நாளெல்லாம் அப்பா முகம் தெளிவாக இருக்கும். ஆனால் ஊர் முழுக்க அவள் ஒருத்திதான் ஓட வேண்டியிருக்கிறது. ஆக மொத்தம் மாதம் 11,000. அரசு தரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. கழிப்பறைக் கதவை அகலப்படுத்தியதும் வாசலில் சாய்தளம் போட்டதும் தனியாக 58,000.

நோட்டில் எழுத முடியாத ஒன்றும் இருக்கிறது. இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அலாரம் வைத்து எழுகிறேன். பகலில் மிஷினில் உட்கார்ந்தால் ஊசி எங்கே போகிறது என்று தெரிவதில்லை. பள்ளிச் சீருடை தைக்கும் காலம் இது. இந்த வருடம் வந்த துணியையெல்லாம் வடக்குத் தெரு சரஸ்வதியிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன். இதற்கும் ஒரு விலை உண்டு என்று வக்கீல் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைச் சொன்னார். பன்னிரண்டு வயதில் விபத்தில் அடிபட்ட ஒரு சிறுமி. அவளைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்கு மாதம் பத்தாயிரம் என்று வைத்து, அதன் வருடத் தொகையைப் பதினெட்டால் பெருக்கி, அதற்கு மட்டுமே 21,60,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார்களாம்.

அப்பாவுக்கு அடிபட்டபோது நாற்பத்தொன்பது வயது. அந்த வயதுக்கு வருடத் தொகையைப் பதின்மூன்றால் பெருக்க வேண்டும் என்று 2009ஆம் வருடத்துத் தீர்ப்பு ஒன்றில் அட்டவணையே இருக்கிறதாம். நீயே போட்டுப்பார். மாதம் 11,000, வருடத்துக்கு 1,32,000, பதின்மூன்றால் பெருக்கினால் 17,16,000. இது மருந்துக்கும் குழாய்க்கும் காருக்கும் மட்டும். அப்பாவின் கூலி இதில் சேரவில்லை. என் கையும் சேரவில்லை. எட்டு லட்சத்தை வாங்கினால் நகைக்கடனும் சித்தியிடம் வாங்கியதுமாக 1,80,000 உடனே போய்விடும். மிச்சம் 6,20,000 ஐந்து வருடம்கூடத் தாங்காது. அதன்பிறகு யாரிடம் கேட்பது? லோக் அதாலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்பீல் கிடையாது.

கூலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கை நன்றாக இருக்கிறதே, உட்கார்ந்து வேலை செய்யலாமே என்று இன்சூரன்ஸ் தரப்பில் பேசினார்கள். வக்கீல் அதற்கும் 2010ஆம் வருடத்துத் தீர்ப்பு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார். ஒரே மாதிரிக் கை போனாலும், அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவருக்கு வேலை போகாமல் இருக்கலாம், தச்சருக்கு மொத்தமாகப் போய்விடும், அந்த ஆள் செய்த தொழிலை வைத்துத்தான் இழப்பைக் கணக்கிட வேண்டும் என்று அதில் இருக்கிறதாம். தச்சர் என்றே சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு அப்பா, "நம்ம வேலையைத் தெரிந்த ஜட்ஜ்" என்றார். அதனால் இந்தத் தொகைக்கு நான் சம்மதிக்கப் போவதில்லை. இரண்டு வருடம் ஆனாலும் ஆகட்டும். அதுவரை நீ இப்போது அனுப்புவதில் பாதி அனுப்பினால் போதும். சீருடை போனாலும் தீபாவளித் துணி இருக்கிறது. அப்பா இப்போது இரவில் தானே ஒரு பக்கம் புரண்டுகொள்கிறார், எனக்கு ஓர் அலாரம் குறைந்திருக்கிறது.

இன்னொன்று. போனில் அவரிடம் "எப்போது நடப்பீர்கள்" என்று கேட்காதே. நீ வைத்த பிறகு அவர் அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறார். போன வாரம் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே சறுக்கிப் போக ஒரு பலகை செய்தார். வேங்கை மரம், ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டு வழவழவென்று இழைத்திருக்கிறார். ஆய்க்குடியில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த கடையநல்லூர்ப் பையனுக்கு இன்னொன்று அறுத்துக்கொண்டிருக்கிறார். அதைப் பற்றிக் கேள்.

புண்ணுக்குச் சேர்த்த ஆஸ்பத்திரிக்கு நீ அங்கிருந்து நேராக 40,000 அனுப்பினாயே, அந்த ரசீது மட்டும் என்னிடம் இல்லை. ஜூன் பத்துக்குள் வக்கீல் கேட்கிறார். வங்கித் தாளையாவது போட்டோ எடுத்து அனுப்பு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா