விடுகைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க முன்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பெரும்போக விதைப்பு முடிந்தது, மழையும் நேரத்துக்குப் பெய்தது என்று எழுதியிருந்தாய், சந்தோசம். இங்கு எல்லாரும் சுகம். போன கிழமை மகள் பேரனோடு வந்து நின்று போனாள். வீடு இன்னும் அவன் இழுத்துப் போட்டபடியே கிடக்கிறது.

மறுகா, அந்தப் பொடியன். அதை வாசித்ததில் இருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. தரம் பத்துப் பிள்ளை ஐஸ் என்ற போதைப்பொருள் பாவித்தது தெரியவந்து, ஒழுக்காற்றுக் குழுவில் முக்கால்வாசிப் பேர் விடுகைப் பத்திரம் கொடுத்து அனுப்பச் சொல்கிறார்கள் என்கிறாய். “இவனுக்கு மனக்கட்டுப்பாடே இல்லை, இனித் திருந்த மாட்டான்” என்பது அவர்களின் நியாயம். அதிபர் நீ, முடிவு உன் கையில். ஆனாலும் வந்தாறுமூலையில் ஒன்றாகப் படித்த உரிமையில் கேட்கிறேன், அந்த மனக்கட்டுப்பாடு மூளையில் எங்கே, எப்போது உருவாகிறது என்பதை நான் சொல்லி முடிக்கும்வரை பொறு.

நடுமூளையில் சின்னதாய் ஒரு நரம்புக்கலக் கூட்டம் இருக்கிறது. நரம்புகள் சேதி கடத்தப் பாவிக்கும் டோபமைன் என்ற இரசாயனம் அங்கிருந்துதான் முன்னுக்குப் போகிறது. சில இழைகள் ஆசையையும் வேட்கையையும் தூண்டும் உட்பகுதியில் போய் முடியும். சில இன்னும் நீண்டு, நெற்றிக்குப் பின்னால் இருந்து நம்மை யோசித்து நடக்கவும் மனதைக் கட்டுப்படுத்தவும் வைக்கும் முன்புறணிக்குப் போகும். அங்கு இந்த இழைகள் அடர்த்தியாக இருப்பதில்லை. மயிரைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய இழை, அதில் மணி கோர்த்தது போல இடைக்கிடை சிறு புடைப்புகள். டோபமைன் கசிவது அந்தப் புடைப்புகளில் இருந்துதான்.

இவ்வளவு மெல்லிய இழைகளுக்கு என்ன பெறுமதி என்று கேட்டால், 1979இல் வெளிவந்த ஒரு குரங்கு ஆய்வு பதில் சொல்லும். இடம், வலம் என்று இரண்டு குழி. இந்த முறை இடப்பக்கம் தீனி எடுத்தால் அடுத்த முறை வலப்பக்கம்தான் தேட வேண்டும். நடுவில் சில விநாடி திரை விழும், அந்த நேரம் குரங்கு நினைவில் வைத்திருக்க வேண்டும். முன்புறணியில் டோபமைனை மட்டும் ஒழித்தபோது, அந்தப் பகுதியையே வெட்டி எடுத்த குரங்கின் அளவுக்குக் கிட்டத்தட்டத் தடுமாறியது. மூளையில் டோபமைனாக மாறும் எல்-டோபா மருந்து கொடுத்ததும் தடுமாற்றம் தணிந்தது! நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது அந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

அளவும் முக்கியம். வயல்காரனுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, தண்ணீர் குறைந்தாலும் பயிர் கருகும், கூடினாலும் அழுகும். முன்புறணியில் டோபமைனும் அப்படித்தான். கடும் மனஅழுத்தத்தில் அது அளவு மீறுகிறது, யோசித்துச் செய்யும் திறன் அப்போது குலைகிறது. குழுவின் முன் நின்ற பொடியன் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் முழித்தான் என்று எழுதினாயே, அதைத் திமிர் என்று எடுக்காதே.

இனித்தான் விசயத்துக்கு வருகிறேன். மூளையின் மற்ற நரம்பிழைகள் பெரும்பாலும் சிறுவயதிலேயே தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். டோபமைன் இழைகள் அப்படியில்லை. வளரிளம் பருவத்திலும் சில இழைகள் அந்த ஆசைப் பகுதியைத் தாண்டி முன்புறணியை நோக்கி வளர்ந்துகொண்டே போகின்றன. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் சிசிலியா புளோரஸ் குழுவினர் இதைச் சுண்டெலிகளில் காட்டினார்கள். எந்த இழை உள்ளே நிற்பது, எது தாண்டிப் போவது என்பதை டிசிசி என்ற ஏற்பி, அதாவது இழையின் மேலிருந்து வழிகாட்டும் சைகையை வாங்கும் புரதம், வழிநடத்துகிறது. ஐஸுக்கு நெருங்கிய உறவான அம்பிட்டமினை அந்தப் பருவத்து ஆண் எலிகளுக்குக் கொடுத்தபோது இந்த வழிகாட்டல் குழம்பி, உள்ளே நிற்க வேண்டிய இழைகள் முன்புறணிக்குள் போய்விட்டன. தன்னைத் தடுத்துக்கொள்ளும் திறனும் குறைந்தது. அதே அளவு பெண் எலிகளை அப்படிப் பாதிக்கவில்லை.

எலியில் கண்டதை அப்படியே ஒரு தாயின் பிள்ளைமேல் ஏற்ற முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் மனிதனின் முன்புறணி இருபது வயது தாண்டியும் முதிர்ந்துகொண்டிருப்பது உறுதியான விசயம். பதினைந்து வயதில் இல்லாத கட்டுப்பாட்டைப் பார்த்து, இவன் பிறவியே இப்படித்தான் என்று தீர்ப்பெழுதுவது அநியாயம் மச்சான். கட்டி முடியாத வீட்டுக்குக் கூரை இல்லை என்று யாரும் குறை சொல்வதில்லையே.

அதற்காகப் பொடியன் செய்ததைப் பூசி மெழுகச் சொல்லவில்லை. ஐஸ் அவனைக் கெடுக்கும், இந்த வயதில் இன்னும் கெடுக்கும். அதனால்தான் அவனை வெளியே தள்ளக் கூடாது என்கிறேன். பள்ளிக்கூடம் இல்லையென்றால் நாள் முழுக்க அவன் யாரோடு நிற்பான்? விற்றவனோடுதான். காலையில் மணி அடித்தால் வந்து இருக்க ஒரு இடம், பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு வாத்தி, பின்னேரம் விளையாட ஒரு மைதானம், இதெல்லாம் அவனுக்கு இப்போது மருந்தோடு சேர்த்துத் தேவை.

தாயையும் மகனையும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பு. தாய் பயந்தால் என் வீட்டுக்கு வரச் சொல், நானே கூட்டிப் போகிறேன். குழு எந்த நாள் கூடுகிறது என்று உடனே எழுது. என்னைப் பேச விடுவார்களென்றால் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்குவேன்.

அன்புடன்,
உன் மச்சான்