முதுகில் ஊசி, கையில் ஆங்கிலத் தாள்

பெறுநர்:
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர்கள்,
தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். காரிமங்கலம் பக்கம் அரசுப் பள்ளியில் 31 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் எழுதுகிறேன். 'வலியில்லா பிரசவம்' என்ற விளம்பரப் பலகைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓசூரிலிருந்து தர்மபுரி வரும் சாலையில், ஷேர் ஆட்டோவின் பின்பக்கத்தில், பேருந்து நிலையச் சுவரில். எதைப் பார்த்தாலும் நீலக் கண்ணுள்ள ஒரு வெளிநாட்டுக் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். அந்தப் பலகையில் எழுதாமல் விட்ட ஊசியைப் பற்றியது இந்த மடல். உங்கள் வட்டாரத்தில் அதற்கு எபிடியூரல் என்று பெயர். எங்கள் ஊரில் முதுகு ஊசி.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஊசியே கூடாது என்று எழுத நான் உட்காரவில்லை. "நாங்கல்லாம் களை எடுத்துக்கிட்டே பெத்தவங்க" என்று பெருமை பேசுபவர்கள் இந்த மடலைத் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக இழுக்க வேண்டாம். 1993இல் என் மூத்தவளைப் பெற்றபோது, பக்கத்துக் கட்டிலில் கதறிய பெண்ணைப் பார்த்து "அப்ப மட்டும் சுகமா இருந்துச்சா" என்று கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. வலியைக் குறைக்க ஒரு வழி இருந்து, பெண் அதைக் கேட்டால், கொடுக்கத்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரையும் அதையே சொல்கிறது: ஆரோக்கியமான கர்ப்பிணி கேட்டால், அவள் விருப்பப்படி எபிடியூரல் தரலாம். அவள் விருப்பப்படி. என்னவென்றே தெரியாத ஒன்றை விரும்புவது எப்படி என்பதுதான் என் கேள்வி.

போன மாசி மாதம் என் சின்ன மகளுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டில் வைத்துப் பார்ப்பது வழக்கம், அழைத்து வந்தோம். பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம், இது ஒரு மருத்துவமனையின் கதை மட்டும் என்று நான் நம்பவில்லை. ஏழு மாதமும் மாதாமாதம் அங்கேதான் காட்டினோம். ஸ்கேன், சர்க்கரை, இரும்புச்சத்து ஊசி, எல்லாம் பார்த்தார்கள். முதுகு ஊசி பற்றி வாயைத் திறக்கவில்லை. இரவு 1.40க்கு, கருப்பை வாய் ஐந்து விரற்கடை திறந்த நிலையில், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் வளைந்திருந்தபோது ஒரு நர்ஸ் மூன்று பக்கத் தாளோடு வந்தார். முழுக்க ஆங்கிலம். "வலி தெரியாம இருக்க ஊசி போடப்போறோம், எல்லாரும் போடுறதுதான், கையெழுத்துப் போடுங்க" என்று மாப்பிள்ளையிடம் நீட்டினார். அவரும் போட்டார். மகள் முதுகலை படித்தவள், ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள்தான். அந்த நேரத்தில் அவளால் தன் பெயரையே படித்திருக்க முடியாது.

2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்று உங்களுக்குச் சொல்லித்தர எனக்குத் தகுதியில்லை. மயக்கத்தில் இருந்த பெண்ணுக்குப் பதிலாக அவருடைய தாய் தந்த சம்மதம் செல்லாது என்றது. என் மகள் மயக்கத்தில்கூட இல்லை. கண் விழித்து, மூன்றடி தூரத்தில்தான் இருந்தாள்.

ஊசி நன்றாகத்தான் வேலை செய்தது. அரைமணியில் அவள் முகம் தெளிந்தது, என்னிடம் மணி கேட்டாள். ஊசி போட்ட மயக்க மருத்துவர் வேறு மருத்துவமனைக்கு அவசரம் என்று கிளம்பிவிட்டார். விடியற்காலை 4.20க்குப் பேத்தி பிறந்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பில்லில் எபிடியூரலுக்கு என்று தனியாக 15,000 ரூபாய். அது மட்டும் தெளிவாகப் புரியும்படி அச்சாகியிருந்தது.

தலைவலி இரண்டாம் நாள் சாயங்காலமே தொடங்கியிருந்தது. "அம்மா, படுத்தா போயிடுது, எழுந்தா வந்துடுது" என்றாள். பிள்ளை பெற்ற அசதி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு எழுந்து உட்கார்ந்து பத்து எண்ணுவதற்குள் நெற்றியிலிருந்து பிடரி வரை பிளக்கிறது என்று சுருண்டுவிடுவாள். குழந்தையை அவள் பக்கத்தில் கிடத்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மார்பை நான் கையால் பிடித்துக் கொடுத்தேன். சோற்றுத் தட்டு தலையணை மேல். கழிவறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக் குனிந்தபடியே போனாள், திரும்பி வரும்போது தவழ்ந்து வந்தாள். மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "தூக்கம் பத்தலைன்னா அப்படித்தான் இருக்கும், பாராசிட்டமால் குடுங்க" என்றார்கள்.

எண்பது வயதான என் அம்மா சும்மா இருப்பாரா? பச்சை உடம்பில் காற்று பட்டுவிட்டது என்று காதில் பஞ்சு வைத்து, தலைக்குத் துண்டு கட்டி, சாம்பிராணி போட்டார். வயிறு பெருத்துவிடும் என்று தண்ணீரையும் அளந்து கொடுத்தோம். காபி கூடவே கூடாது என்றோம். வேப்பிலை அடிக்க ஆள் சொல்லட்டுமா என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். 31 வருடம் பாடம் நடத்தியவள், எனக்கும் எதுவும் உறைக்கவில்லை.

பிறந்து எட்டாம் நாள் சேலத்துக்குக் கொண்டுபோனோம். பின்சீட்டில் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். தொப்பூர் கணவாயின் ஒவ்வொரு வளைவுக்கும் என் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "படுத்தா சரியாகுதா?" என்பதுதான். ஆமாம் என்றதும் "முதுகுல ஊசி போட்டாங்களா?" என்றார். தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் உறைக்கு வெளியே நிற்க வேண்டிய ஊசி, உறையைத் துளைத்துவிட்டிருக்கிறது. எபிடியூரல் ஊசி தடிமனானது. ஓட்டை வழியே உள்ளிருக்கும் நீர் கசியும், நிமிர்ந்தால் மூளைக்குத் தாங்கல் குறையும், தலை வலிக்கும். எவ்வளவு திறமையானவர் போட்டாலும் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இந்தத் துளை விழும், அவர்களில் பாதிக்கு மேல் இந்தத் தலைவலி வரும் என்றார். ஊசி போட்டவருக்கே சில நேரம் தெரியாமல் போகுமாம். ஆகவே ஊசி போட்ட கை மேல் எனக்குக் கோபமில்லை. நாங்கள் தண்ணீரை அளந்து கொடுத்தோம் என்றதும்தான் அவருக்குக் கோபம் வந்தது. பிள்ளை பெற்றவளுக்கு மூளையின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்தாலும், ரத்த அழுத்தம் ஏறினாலும் தலைதான் வலிக்கும், உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் உறையும் ஆபத்து கூடும், இத்தனை நாள் வீட்டில் வைத்திருந்தீர்களே என்றார். பரிசோதித்து அதெல்லாம் இல்லை என்று உறுதி செய்த பிறகு, அவள் கையிலிருந்தே 20 மில்லி ரத்தம் எடுத்து முதுகில் அதே இடத்தில் செலுத்தினார்கள். அந்த ரத்தம் உறைந்து ஓட்டையை அடைக்குமாம். அன்று மாலை அவள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காபி கேட்டாள்.

அந்த மூன்று பக்க ஆங்கிலத்தில் இந்தத் தலைவலி இருக்கிறது, ஐயா. இரண்டாம் பக்கத்தில், சுருக்கெழுத்தாக, நான்கு எழுத்தில். பிறகு தேடிப் பார்த்தேன்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. எபிடியூரல் போடும் எந்த மருத்துவமனையானாலும், ஏழாம் மாதப் பரிசோதனையின்போதே, தமிழில் ஒரு பக்கத் தாளைக் கர்ப்பிணியின் கையில் கொடுத்து, படித்துக் காட்டி, அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்துப் பெண்களுக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும். 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் மருத்துவமனைகளுக்குப் பதிவுச் சான்று தருவது உங்கள் அலுவலகம். தீயணைப்புச் சான்று, கழிவு அகற்றும் ஒப்பந்தம் எல்லாம் கேட்கிறீர்கள். இந்தத் தாளையும் கேட்கலாம்.

எழுதுவது சிரமம் என்றால் நானே எழுதித் தருகிறேன், தமிழ்தானே என் தொழில். இதோ, மருத்துவர் சொன்னதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து:

"அம்மா, இந்த ஊசி இடுப்பெலும்புப் பக்கம் முதுகில் போடப்படும். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, தேவைப்படும்போது மருந்து தருவோம். வலி வெகுவாகக் குறையும். சிலருக்கு மருந்து ஒரு பக்கம் மட்டும் கேட்கும், சிலருக்குக் குழாயை மாற்றிப் போட வேண்டிவரும். ரத்த அழுத்தம் இறங்கலாம், ஆகவே மருந்து கொடுத்த முதல் கால்மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்போம். அரிப்பு, நடுக்கம், காய்ச்சல் வரலாம். கால் கனக்கும், சிறுநீர் தானாகப் போகாவிட்டால் குழாய் வைப்போம். முக்கும் நேரம் கொஞ்சம் நீளும், மருந்தின் வீரியம் கூடினால் ஆயுதம் வைத்து எடுக்கும் வாய்ப்பும் கூடும், இப்போது குறைந்த அளவு மருந்தே தருவதால் அது குறைந்திருக்கிறது. இந்த ஊசியால் சிசேரியன் வாய்ப்பு அதிகரிக்காது. ஆயுள் முழுக்க இடுப்பு வலிக்கும் என்று ஊரில் சொல்வதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படுவது மிக அரிது. ரத்தத் தட்டு அணுக்கள் குறைவாக இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டாலோ முன்பே சொல்லுங்கள். வீட்டுக்குப் போன பிறகு எழுந்தால் தலை வலித்து, படுத்தால் குறைந்தால், காத்திருக்காதீர்கள், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்."

ஒரு பக்கம்கூட வரவில்லை பாருங்கள். பாலக்கோட்டில் தக்காளிக்கு அடிக்கும் பூச்சிமருந்துப் பெட்டிக்குள் தமிழில் மடித்த தாள் ஒன்று இருக்கிறது, எத்தனை மில்லி, கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று. செடிக்குக் கிடைக்கும் மரியாதை என் மகளுக்கு ஏன் கிடைக்கவில்லை? பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழே சிக்கலாகும் ஊர் இது. எடை, ரத்த அளவு, மாத்திரை எண்ணிக்கை எல்லாம் கணினியில் ஏறுகிறது. அவளுடைய தாய்சேய் அட்டையை முன்னும் பின்னும் புரட்டினேன், பிரசவ வலியைக் குறைப்பது பற்றி ஒரு வரி என் கண்ணில் படவில்லை. பெண்ணுக்கு வலிக்கும், அது அவள் பாடு என்று நினைத்துவிட்டீர்களோ என்னவோ. பென்னாகரம் மலையோரத்திலிருந்து 108இல் வருகிறவளுக்கு இந்த ஊசி இருக்கிறது என்பதே தெரியாது. பணம் உள்ளவளுக்கு விளக்கம் இல்லாத ஊசி, இல்லாதவளுக்கு ஊசியும் இல்லை, விளக்கமும் இல்லை. இதைச் சமத்துவம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுக் கோபத்தில் எங்கோ போய்விட்டேன். நீங்கள் வேலைப்பளுவில் இருப்பவர்கள், தெரியும். பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: ஏழாம் மாதத்தில், தமிழில், ஒரு பக்கத் தாள். கையெழுத்து அவளுடையது. அடியில் ஒரு தொலைபேசி எண், எடுத்துப் பேச ஓர் ஆள்.

மேலே எழுதியதில் மருத்துவப் பிழை இருந்தால் உங்கள் மயக்க மருத்துவர்கள் சிவப்பு மையில் திருத்தித் தரட்டும், எனக்கு அது பழக்கம்தான். வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு இதன் நகலோடு வருகிறேன். மகளும் வருவதாகச் சொல்கிறாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு. அவள் உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
காரிமங்கலம் வட்டம், தர்மபுரி மாவட்டம்.