பொருத்திவிட்டு மறக்கலாமா?

ஆசிரியருக்கு,

மின் சிக்கனம் என்றதும் விளக்கை அணைப்பதைப் பற்றியே பேசுகிறோம். மோட்டார்கள் ஓடும் இடங்களில் திறன் காரணியையும், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலை செய்கிறது என்பதையும், கவனிக்க வேண்டும். 70 கிலோவாட் சுமை, 0.7 திறன் காரணியில் 100 கேவிஏ (மின்னழுத்தமும் மின்னோட்டமும் சேர்ந்த மொத்த அளவு) இழுக்கிறது, கெபாசிட்டரை இணைத்துத் திறன் காரணியை 0.98-க்கு உயர்த்தினால் ஏறத்தாழ 71 போதும். வெப்ப இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கெபாசிட்டர் வரையிலான கேபிளில் இழப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

கெபாசிட்டரை எந்நேரமும் இணைத்தே வைப்பது சரியல்ல. சுமை குறையும்போது திறன் காரணி மறுபக்கம் சாய்ந்து, மின்னழுத்தம் ஏறும். இதற்கான தானியங்கிப் பலகையில் உள்ள ரிலே என்ற கட்டுப்பாட்டுக் கருவி, தேவைக்கேற்பக் கெபாசிட்டர்களைச் சேர்க்கும், விலக்கும்.

அந்தப் பலகையைப் பொருத்திவிட்டு மறந்துவிடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம். உள்ளே கெபாசிட்டர் உப்பியிருக்கும், அதை இணைத்துத் துண்டிக்கும் கன்டாக்டர் கருகியிருக்கும்; முகப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். மோட்டாரின் வேகம் மாற்றும் டிரைவ்கள் மிகுந்த இடத்தில், ஹார்மோனிக்ஸ் எனும் மின் அலைச் சிதைவு கெபாசிட்டரின் ஆயுளை வெகுவாகக் குறைக்கும். அங்கே கெபாசிட்டருடன் தொடரிணைப்பில் ரியாக்டர் எனும் கம்பிச்சுருள் தேவை. மாதம் ஒருமுறை ஒவ்வொரு படியின் (கெபாசிட்டர் தொகுதியின்) மின்னோட்டத்தையும், கம்பியைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரால் அளந்தாலே செயலிழந்தது எது என்று தெரிந்துவிடும். பழுது பார்ப்பவர்கள் இணைப்பைத் துண்டித்த உடனே கைவைக்கக் கூடாது. கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிந்துவிட்டதா என்று மீட்டரால் சோதித்த பிறகே தொட வேண்டும்.

– மின் பராமரிப்புப் பணியாளர் ஒருவர்